வளையம் எந்தப் பக்கம்

என் அக்காவின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. அத்தான் மிதித்து அப்படி ஆனது. பட்டப்பகலில், எங்கள் பட்டறையின் சிமெண்ட் தரையில், என் கண்ணெதிரே மிதித்தார். அந்த ஆளுக்கு இன்னும் மரியாதை கொடுத்துப் பேசுகிறேனே என்று எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா புருஷன் என்றால் வாய் தானாகக் குனிந்துவிடுகிறது, என்ன செய்வது.

அக்கா செய்த குற்றம் பெரிது. ஒரு வாடிக்கையாளர் வந்து, தன் வீட்டு ஜன்னலுக்குச் செய்து வைத்திருந்த கொசுவலையைத் தடவிப் பார்த்து, "சுருக்கமே இல்லையே, யாருங்க இழுத்துக் கட்டினது?" என்று கேட்டார். "எங்க அக்கா" என்றேன். எல்லாம் தன் கைவேலை என்று அத்தான் அவரிடம் அளந்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அவர் தலை மறைந்ததும் அத்தான் ஸ்க்ரூ டப்பாவை எட்டி உதைத்தார். "பொறுக்கு" என்றார். அக்கா குந்தி உட்கார்ந்து பொறுக்கினாள். அவள் கைமேல் பூட்ஸ் காலை வைத்து, உடம்பின் பாரத்தை முழுக்க இறக்கி, குதிகாலைத் திருகினார்.

எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. கையில் இருந்த அலுமினியத் துண்டை வீசினேன். அது அவர் காதைக் கிழித்தது. திரும்பி வந்து அவர் விட்ட அறையில் என் உதடு பிளந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. பிறகு சட்டைப் பையில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் திருப்புளியைச் சரிசெய்துகொண்டு, காதைக் கந்தல் துணியால் துடைத்தபடி, ஜன்னல் மாட்டப் போய்விட்டார். ஊரில் அவருக்குப் பெயரே திருப்புளிதான். வேலை சுத்தம், பேச்சு பவ்யம் என்று எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள்.

பட்டறை எங்களுடையது. அப்பா போனபின் அக்காவும் நானும் நடத்துகிறோம். அலுமினியச் சட்டம் அடிப்பது நான், வலை கட்டுவது அக்கா, வீடு வீடாகப் போய் மாட்டுவது அத்தான். அவர் முதலில் கூலிக்கு வந்த ஃபிட்டர்தான். அக்காவைக் கட்டிக்கொண்டதும் பட்டறையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டதாக நினைப்பு.

கொசுவலை கட்டுவது பார்க்கத்தான் சுலபம். சட்டத்தில் ஓடும் பள்ளத்தின் மேல் வலையை விரித்து, அதன் மேல் ரப்பர் கயிற்றை வைத்து, சின்னச் சக்கரத்தால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். வலது கை சக்கரத்தை ஓட்டும்போது இடது கை விரல்கள் வலையை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் வலை தொந்தி போட்டுவிடும். மாவுக்கட்டுப் பிரித்து வந்த அக்கா கட்டிய முதல் வலை தொந்தி போட்டது. இரண்டாவதும் போட்டது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் ஆத்திரத்தில்.

"விட்டுட்டு வந்துடேன்க்கா. என் வீட்டுல ரூம் சும்மாதானே கிடக்கு."

"வந்தா மட்டும் விட்டுடுவாரா?" என்றாள். "அதை விடு. இந்த ரப்பர் எதுக்குடி நமக்கு?"

அவள் கண் என் சாப்பாட்டு டப்பாவின் மேல் இருந்தது. பக்கவாட்டில் கொக்கி போட்ட எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தாள், மூடினாள். வலது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். கொக்கி விழுந்தது.

"சட்டத்துக்கு இந்த மாதிரி ஒரு மூடி போட்டா என்ன? வலை ஓரத்தைப் பள்ளத்துக்குள்ள மடிச்சு விட்டு, மூடியைச் சாத்தி, ஒரு அடி. ஒரு கை போதும்."

அந்த ஒரு வாக்கியம் எங்கள் உயிரை வாங்கியது. கண்ட கண்ட கனத்தில் அலுமினியப் பட்டி வெட்டினேன், கீல் வைத்தேன், வளைத்தேன், குப்பையில் எறிந்தேன். அப்போது எல்லோரும் ஸ்டீல் வலை கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கம்பி வைத்த ஜன்னலை யாரும் விரும்புவதில்லை, கத்தியால் கிழிக்க முடியாத வலையாக இருந்தால் போதும் என்றார்கள். ஸ்டீல் வலை ரப்பர் கயிற்றுக்கு அடங்காது, துள்ளிக்கொண்டு வெளியே வரும். மூடிக்கு அடங்கியது. கடைசியில் வந்து நின்றது இதுதான்: சட்டத்தின் நான்கு பக்கமும் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்கு மேல் கீல் வைத்த மூடிப்பட்டி. கீழ்ப்பட்டிதான் ராஜா. அது மூடினால் மற்ற மூன்றும் அசையாது. அதைத் திறந்தால் மூன்றும் கழன்று கொள்ளும். கீழ்ப்பட்டியை அடித்து மூடியதும் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின் 'டக்'கென்று பாய்ந்து பிடித்துக்கொள்ளும். பின்னில் இரண்டு பல் வைத்தேன். மெல்லிய வலையானால் பட்டி முழுக்க இறங்கி இரண்டாவது பல்லில் மாட்டும். தடித்த வலையானால் பாதி இறங்கி முதல் பல்லிலேயே நிற்கும். கழற்ற வேண்டுமென்றால், பின்னின் நுனியில் ஒரு வளையம் இருக்கும், அதை இழுத்தால் போதும், அதே 'டக்'கோடு விட்டுவிடும். கிழிந்த வலையை எடுத்துவிட்டு வேறு வலையை வீட்டுக்காரரே போட்டுக்கொள்ளலாம். சட்டத்தைக் கழற்ற வேண்டாம், ஃபிட்டரைக் கூப்பிட வேண்டாம்.

ஃபிட்டரைக் கூப்பிட வேண்டாம் என்பதுதான் அத்தானின் அடிமடியில் கை வைத்தது.

"வலை கிழிஞ்சா எனக்குத்தான் போன் வரணும்" என்றார். "ஃபிட்டர் எப்ப வருவான்னு ஜனம் காத்துக்கிட்டு இருக்கணும். அதான் தொழில். நீங்க ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து என் தொழில்ல மண்ணள்ளிப் போடப் பாக்கறீங்க."

"உங்க தொழிலா? பட்டறை போர்டை ஒரு தடவை படிச்சுப் பாருங்க அத்தான்" என்றேன். அதற்கு அன்று வீட்டில் அக்கா வாங்கினாள். முதுகில் சட்டத் துண்டின் ஓரம் பதிந்த கோடுகளை மறுநாள் நான் எண்ணெய் தடவும்போது பார்த்தேன். என் வாய்க்கு அவள் முதுகு பதில் சொல்கிறது என்று தெரிந்தும் என்னால் வாயை மூட முடியவில்லை. பிறவிக் கோளாறு.

வளையம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் கடைசிச் சண்டை வந்தது. பட்டறையில் ஜன்னலைத் தாங்கியில் நிறுத்தி வைத்துத்தான் வேலை பார்ப்போம். அங்கே அதற்கு உள்ளும் கிடையாது, வெளியும் கிடையாது. நாங்கள் சொல்வதுதான் உள். மூடிகள் அறைக்குள் இருக்க வேண்டும், வளையமும் அறைக்குள்தான் என்று நான் கரிக்கோடு போட்டு வைத்துவிட்டு, வலைச் சுருள் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் முதல் சட்டத்தில் அத்தான் துளை போட்டு, வளையத்தை வெளிப்பக்கம் மாட்டி வைத்திருந்தார்.

"வளையம் வெளிய இருந்தா மாடி வீட்டுக்காரன் கைக்கு எட்டாது. எனக்குப் போன் பண்ணியே ஆகணும்" என்றார், ரொம்ப சாமர்த்தியம் பண்ணிவிட்டவர் மாதிரி.

"திருடன் கைக்கு எட்டுமே. கத்தியால கிழிக்க முடியாத வலையை மாட்டிட்டு, கழட்டறதுக்கு வெளிய வளையம் வைக்கறீங்க. அதுக்கு வாசல் கதவையே திறந்து வச்சுடலாம்."

அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது நல்லதில்லை என்று மூன்று பேருக்குமே தெரிந்தது.

துளை போட்ட சட்டத்தை விற்க முடியாது. உருக்கப் போடவும் மனசு வரவில்லை. எங்கள் தொழிலில் தப்பாகப் போன சாமானுக்கெல்லாம் ஒரே முகவரிதான், சொந்த வீடு. என் குளியலறைக் கதவு ஒரு சாண் குட்டை. படுக்கையறைக் கண்ணாடி ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெள்ளை. ஊர் ஜன்னலையெல்லாம் அளந்து அளந்து அடிக்கிறவர்கள் வீட்டில் ஒரு ஜன்னல் உருப்படியாக இருக்காது. அந்தச் சட்டமும் என் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. மாட்டியவர் அத்தான். நாளைக்கே துளையை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். பத்திருபது வீட்டுக்கு வளையத்தை உள்ளே வைத்து அனுப்பியாகிவிட்டது, என் படுக்கையறைக்குக் கூட நல்லதாக ஒன்று போட்டாயிற்று, சமையலறைக்கு மட்டும் அந்த நாளை வரவில்லை.

புது ஜன்னல் சூடு பிடித்தது. பட்டறைக்கு வருகிறவர்களிடம் செய்து காட்டுவது அக்காதான். மடங்காத இரண்டு விரலையும் நீட்டி மூடிப்பட்டியின் மேல் அணை கொடுத்துக்கொண்டு, ரப்பர் தலை சுத்தியலால் நடுவில் ஒன்று, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று என்று அடிப்பாள். 'டக்.' பிறகு நிமிர்ந்து, "ரொம்ப சுலபங்க. வளையத்தை இழுத்தா போதும், கையோட வந்துடும்" என்பாள். இதை நூறு தடவை சொன்னாலும் நூறு தடவையும் முகம் மலரும். அவளைத் தேடியே ஆட்கள் வந்தார்கள். பெரிய ஆர்டர் ஒன்று வந்த நாளில் அத்தான் அந்தச் சுத்தியலைத் திருப்பி, மரப்பிடியால் அவள் மண்டையில் அடித்தார்.

பக்கத்துக் கடைக் கண்ணாடிக்காரர் தன் வண்டியில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கண்ணாடி வெட்டி வெட்டி விரலெல்லாம் தழும்பு விழுந்த மனிதர், வழியெல்லாம் "ரத்தம் நிக்கும்மா, நிக்கும்" என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிக்கொண்டே வந்தார். தையல் போட்டார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அத்தானைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். கண்டித்தார்களாம். நான் பட்டறைப் பூட்டை மாற்றினேன். அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. வாடிக்கையாளர்களிடம் பேசுவாரே, அந்தப் பவ்யமான குரலிலேயே பேசினார்.

"ஒரு கையைத்தான் முடிச்சேன். சுத்தியல் பிடிக்கிற கை பாக்கி இருக்கு. அதை முடிச்சுட்டு அப்புறம் உன்னையும் முடிக்கறேன். கதவைப் பூட்டிக்கிட்டா ஆச்சா? இந்த ஊர்ல எல்லாக் கதவும் ஜன்னலும் நான் மாட்டினது."

 அவர் போனபின் அக்கா, பட்டறையிலிருந்து கொண்டுவந்த அந்தச் சுத்தியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்று முதல் சமைக்கும்போது அது அடுப்பு மேடையில் இருக்கும், தூங்கும்போது தலையணைக்கு அடியில் இருக்கும். நான் கேலி செய்யவில்லை. எனக்கும் பயமாக இருந்தது.

அவர் வந்தது விடுமுறை நாளின் மத்தியானம். வெயிலுக்கு எல்லா ஜன்னலிலும் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, வலையை மட்டும் விட்டிருந்தோம். அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் தரையில் படுத்துக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். முன்கதவில் முதல் அடி விழுந்தபோது இடி என்றுதான் நினைத்தேன். இரண்டாவது அடியில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் மரம் பிளந்து, இரும்புக் கம்பியின் நுனி உள்ளே எட்டிப் பார்த்தது.

மேஜையைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். மேல் ஏறி முதுகைக் கதவில் சாய்த்து, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டேன். ஒவ்வொரு அடியும் என் முதுகெலும்பில் விழுந்தது. அக்கா போனில் போலீஸிடம் முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் தடுமாறவில்லை. வெளியே கண்ணாடிக்காரர், "டேய், விடுடா" என்று கூப்பாடு போடுவது கேட்டது. அவர் வீடு எங்களுக்கு எதிர்வீடு. உடனே அவர் 'ஐயோ' என்பதும், ஏதோ தரையில் சாய்வதும் கேட்டது. அத்தான் கம்பியால் அவர் முழங்காலில் போட்டிருந்தார்.

பிறகு அடி நின்றது. 

படுக்கையறையில் கரகரவென்று சத்தம் வந்தது. ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே அத்தானின் முகம், வியர்வை வழிய, வலையோடு ஒட்டி நின்றது. கம்பியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்திருந்தார். வலையில் குத்தினார், கிழித்தார், திருகினார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. வலையில் ஒரு கண்ணி கூட விடவில்லை. எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததை என்ன சொல்ல.

"குத்துங்க அத்தான், நல்லா குத்துங்க. கத்தியால கிழிக்க முடியாதுன்னு வீடு வீடா சொல்லி வித்தது நீங்கதானே" என்றேன்.

அவர் கை நின்றது. குனிந்து சட்டத்தின் கீழ்ப்பக்கத்தைத் தடவினார். வளையத்தைத் தேடுகிறார் என்று புரிந்தது. அங்கே வளையம் இல்லை, அது என் பக்கம் இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்ததும் எனக்கு ஞாபகம் வந்ததும் ஒரே நேரத்தில்தான். முகம் ஜன்னலை விட்டு மறைந்தது.

"அக்கா, சமையக்கட்டு ஜன்னலை மூடு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் வீடு பெரிதில்லை, இருந்தும் நான் போய்ச் சேருவதற்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டேன். அதைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். டக்.

கீழ்ப்பட்டி கீலில் தொங்கியது. மற்ற மூன்றும் கழன்று ஆடின. வலை முழுசாக உள்ளே சரிந்து பாத்திரங்களின் மேல் விழுந்து கிடந்தது. கழற்றுவது அவ்வளவு சுலபமாகத்தான் செய்து வைத்திருந்தோம். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள், கண்ணில் உயிர் இல்லை. நான் பாய்ந்து வலையைத் தூக்கி ஜன்னலில் அழுத்தினேன். ஓரத்தில் கத்தி உள்ளே நுழைந்து என் முன்கையைக் கோடு இழுத்தது. முதலில் வலிக்கவில்லை. ரத்தம் முழங்கை வழியாக மேடையில் கொட்டுவதைப் பார்த்த பிறகுதான் வலித்தது. வலை கையை விட்டு நழுவியது. அவர் கையை உள்ளே விட்டு என் தலைமயிரைப் பிடித்து, நெற்றியை மேடை விளிம்பில் இரண்டு முறை மோதினார். நான் அடுப்புக்குக் கீழே விழுந்தேன்.

"டேய்" என்றேன். அந்த ஆளை நான் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அவ மேல கை வச்சே, கொன்னுடுவேன்டா."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தார். "வந்துட்டேன். அந்தக் கையை நீட்டி வை" என்றார்.

அந்த ஜன்னலுக்கு வெளியே தரை தாழ்வு. ஏறித்தான் வர வேண்டும். ஜன்னல் ஏறுவது ஃபிட்டருக்குப் படி ஏறுவது மாதிரி. கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டார். இரண்டு கைகளாலும் சட்டத்தின் கீழ்ப்பகுதியைப் பிடித்தார். பிடி வேண்டுமே, எட்டு விரல்களும் பள்ளத்துக்குள் இறங்கின. எம்பினார். தலையும் தோளும் ஜன்னலுக்கு மேலே வந்தன.

அப்போதுதான் அக்கா சுவரை விட்டு நகர்ந்தாள். கத்தவில்லை, ஓடவில்லை. பட்டறையில் வேலைக்கு வருகிற மாதிரி ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். தொங்கிக்கொண்டிருந்த மூடிப்பட்டியை இடது கையால் தூக்கி, அவர் விரல்களின் மேல் சாத்தினாள். மடங்காத இரண்டு விரலையும் நீட்டி அணை கொடுத்தாள். சுத்தியலை ஓங்கினாள். நடுவில் ஒன்று, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று.

அவர் கால் சுவரில் இருந்து வழுக்கியது. உடம்பின் பாரம் முழுக்க அந்த எட்டு விரலில் இறங்கியது. எலும்பு நொறுங்குகிற அந்தச் சத்தத்தை இரண்டாவது தடவையாகக் கேட்டேன். பட்டி இன்னும் பிடிக்கவில்லை. அக்கா மறுபடியும் நடுவிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் ஒன்று, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. பின் பாய்ந்தது. டக். முதல் பல்.

அவர் போட்ட சத்தத்தில் கத்தி வாயிலிருந்து விழுந்து பாத்திரத் தொட்டியில் கணீரென்றது. காலின் நுனி மட்டும் தரையைத் தொட, முகம் சட்டத்தின் விளிம்பில் அழுந்த, ஜன்னலில் தொங்கினார். கையை இழுக்க இழுக்கத் தோல்தான் உரிந்தது. பள்ளத்தில் ரத்தம் நிறைந்து எங்கள் பக்கம் வழிந்தது.

நான் எழுந்தேன். எனக்கு வெறி. அக்கா கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினேன். அந்தத் தலை என் கைக்கு எட்டும் தூரத்தில், எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல் இருந்தது. ஓங்கியும் விட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. வேலை முடிஞ்சுடுச்சு."

சுத்தியலை வாங்கி மேடையில் வைத்தாள். சமையல் துண்டை எடுத்து என் முன்கையில் இறுக்கிக் கட்டினாள்.  

அத்தான் முதலில் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார். எங்கள் அம்மாவில் தொடங்கிப் போகாத இடமெல்லாம் போனார். பிறகு மூச்சு வாங்கியது. பிறகு குரல் மாறியது.

"வளையத்தை இழுடி. ஏய்... வளையத்தை இழு. செத்துடுவேன்."

அக்கா குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தாள்.

"வளையம் உங்க பக்கந்தாங்க இருக்கு" என்றாள்.

உண்மைதான். அவர் போட்ட துளையில், அவர் மாட்டிய வளையம், அவர் நெஞ்சுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்தது. கழுத்தை வளைத்துப் பல்லால் கவ்விப் பார்த்தார். தாடை எட்டவில்லை. தோளை இறக்கிப் பார்த்தார். விரல்கள் விடவில்லை. அவர் தலையும் தோளும் ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தன, உள்ளே இருக்கிற எங்கள் கைக்கும் அது எட்டாது, இழுக்க வேண்டுமானால் கதவைத் திறந்துகொண்டு அவரிடம் போக வேண்டும். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜன்னலுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரர் ஒரு காலை இழுத்துக்கொண்டு, தெரு ஆட்கள் நாலைந்து பேரோடு பின்பக்கம் வந்து சேர்ந்தார். அடிபட்டவர் அவர், இருந்தும் அந்தக் கைகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வளையத்தை நோக்கிக் கையைக் கொண்டு போனார்.

"அண்ணே, அதுல கை வைக்காதீங்க" என்றாள் அக்கா. "போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு."

"விரல் போயிடும்மா."

அக்கா தன் இடது கையை ஜன்னலுக்கு நேரே உயர்த்திக் காட்டினாள். மூன்று விரலை மடக்கினாள். இரண்டு விரல் நின்றது.

"போகாதுண்ணே. மடங்காது, அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் கையைக் கீழே போட்டார்.  அத்தான் "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டிருந்தார். எனக்குப் பரிதாபமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு சொட்டுக் கூட இல்லை.

போலீஸ் வந்தது. கண்டித்து அனுப்பிய அதே ஏட்டுதான். ஜன்னலை இப்படியும் அப்படியும் பார்த்தார். பட்டியை நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. அத்தான் அலறினார்.

"எப்படிம்மா இதைத் திறக்கறது?" என்றார் ஏட்டு.

அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற மாதிரி நேராக நின்றாள்.

"முதல்ல விலங்கை எடுத்து வச்சுக்கங்க" என்றாள். "மத்தபடி ரொம்ப சுலபங்க. வளையத்தை இழுத்தா போதும், கையோட வந்துடும்."

சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. ஏட்டு வளையத்தை இழுத்தார். அத்தான் கைகளோடு வெளியே சரிந்தார். அக்கா அழுதுகொண்டேதான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டுக்கொண்டு நாங்கள் வீடு திரும்பும்போது பொழுது சாயவில்லை. முன்கதவு நாசம். சமையலறையில் ஈ மொய்த்தது. படுத்துக்கொள், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா கேட்கவில்லை. துளை போடும் மெஷினை எடுத்து வந்தாள். பின்னைக் கழற்றிக் கழுவினாள், பள்ளத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள், அறைப்பக்கம் புதுத் துளை போட்டாள், வெளித் துளையை ரிவெட் அடித்து அடைத்தாள். ஒரு கை கட்டுப்போட்ட நான், அவள் கேட்கிற ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் புது வலையை விரித்து, ஓரத்தை மடித்து விட்டு, மூடியைச் சாத்தினாள்.

நடுவில் ஒன்று, இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. வலை தொந்தி போடவில்லை. வளையம் எங்கள் பக்கம் இருந்தது.